சாவி கை மாறியது... பெயர் மாறியதா?

பழைய காரை நேரடியாக விற்கும்போது நம் மக்கள் சில காரியங்களை மறக்காமல் செய்வார்கள். காரைக் கழுவித் துடைப்பார்கள். முன்னால் ஒட்டியிருக்கும் பிள்ளையாரையும் கண்ணாடியில் தொங்கும் மணிமாலையையும் பத்திரமாக எடுத்துக்கொள்வார்கள். பின்னிருக்கைக்கு அடியில் கிடக்கும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்தைக்கூடத் தேடி எடுத்துவிடுவார்கள். வாங்கிய பணத்தை இரண்டு முறை எண்ணிப் பார்ப்பார்கள். ஆனால் ஒன்றை மட்டும் காரிலேயே விட்டுவிடுவார்கள். அது அவர்களுடைய பெயர்.

கிள்ளானில் வசிக்கும் ஒருவர் தம்முடைய பழைய புரோட்டோன் சாகாவை விற்பதாக வைத்துக்கொள்வோம். வாங்க வருபவர் பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்யும் இளைஞர். கோயில் திருவிழாவில் அறிமுகமானவர். விலை பேசி முடிகிறது. பணம் கைக்கு வருகிறது. "அண்ணே, கிராண்டை அடுத்த வாரம் மாத்திக்கிறேன்" என்கிறார் இளைஞர். "சரி தம்பி, தெரிஞ்ச ஆள்தானே!" என்று சாவியைக் கொடுக்கிறார் இவர். அந்த அடுத்த வாரம் வருவதே இல்லை. ஆறு மாதம் கழித்துக் கடிதம் ஒன்றுதான் வருகிறது. நெடுஞ்சாலையில் வேக வரம்பை மீறியதற்கான சம்மன். பிறகு இன்னொன்று. அதன் பிறகு ஒரு நாள், விபத்து ஒன்றில் சிக்கிய காரைப் பற்றி விசாரிக்கப் போலீசார் வாசலில் வந்து நிற்கிறார்கள். இளைஞரின் தொலைபேசி எண்ணோ சேவையில் இல்லை.

இது கற்பனைதான். ஆனால் இப்படி ஒரு கதையைக் காப்பிக் கடையிலோ கல்யாண வீட்டிலோ கேட்டவர்கள் பலர் இருப்பார்கள். இதில் யாரும் பெரிதாகத் தவறு செய்ய நினைக்கவில்லை. ஒருவர் சோம்பலில் தள்ளிப் போட்டார். இன்னொருவர் வற்புறுத்திக் கேட்கக் கூச்சப்பட்டார். அந்தக் கூச்சத்திற்குக் கொடுக்கும் விலைதான் பெரியது.

சட்டத்தின் கண்ணில் யார் உரிமையாளர்?

கார் யாருடைய வீட்டு வாசலில் நிற்கிறது என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகா பார்ப்பதில்லை. ஜே.பி.ஜே. என்று அனைவரும் அழைக்கும் அந்த இலாகாவின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதே கணக்கு. பணம் கொடுத்ததற்குச் சாட்சி இருக்கலாம், எழுதிக் கையெழுத்திட்ட தாளும் இருக்கலாம். இருந்தாலும் பதிவேட்டில் பெயர் மாறாத வரையில் இலாகாவும் போலீசும் முதலில் தேடி வருவது பழைய உரிமையாளரைத்தான்.

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வாகனம் கை மாறிய 7 நாள்களுக்குள் பதிவுபெற்ற உரிமையாளர் அதை இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவரும் தம் பெயரில் பதிவு செய்யாமல் 7 நாள்களுக்கு மேல் அந்த வாகனத்தைப் பயன்படுத்தக் கூடாது. கடமை இருவருக்கும் உண்டு. "வாங்கினவர்தானே மாத்தணும், எனக்கென்ன?" என்று விற்றவர் கை கழுவிவிட முடியாது.

சாலையில் கேமராக்கள் வந்த பிறகு இந்தச் சிக்கல் இன்னும் கூடிவிட்டது. முன்பெல்லாம் போலீஸ்காரர் நிறுத்தினால், ஓட்டுநரின் அடையாள அட்டையையும் உரிமத்தையும் கேட்டு அவர் பெயரில் சம்மன் எழுதுவார். 2012இல் தானியங்கிக் கேமராக்கள் பயன்பாட்டுக்கு வந்தன. கேமராவுக்கு ஓட்டுநரின் பெயர் தெரியாது, எண் பலகைதான் தெரியும். அந்த எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருடைய முகவரிக்கே கடிதம் போகும். குற்றம் நடந்தபோது வாகனத்தை ஓட்டியவர் யார் என்று அதிகாரிகள் கேட்டால், அந்த விவரத்தைத் தர வேண்டிய பொறுப்பும் உரிமையாளருக்கு உண்டு. "யாரோ ஒரு தம்பி, பெயர் மறந்துவிட்டது" என்ற பதில் அங்கே எடுபடாது.

இந்தியாவில் ஒரு தீர்ப்பு

இந்த வழக்கம் நம் நாட்டில் மட்டும் இருப்பதல்ல. இந்தியாவில் நடந்த ஒரு வழக்கு நம்மவர்களுக்கும் நல்ல பாடம். அங்கே ஒருவர் 2007இல் தம் காரை விற்றார். பதிவேட்டில் பெயர் மாறவில்லை. கார் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு என்று மேலும் கை மாறியது. 2009இல் அந்தக் கார் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போனது. இழப்பீட்டை யார் கொடுப்பது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. காரை விற்று இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு நடந்த விபத்து அது. ஓட்டியவர் யாரென்றே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

இந்தியச் சட்டம் வேறு, மலேசியச் சட்டம் வேறு. அந்தத் தீர்ப்பு இங்குள்ள நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பதிவேட்டில் கிடக்கும் ஒரு பெயர் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

'சம்புங் பாயார்' என்னும் கண்ணி

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னொரு பழக்கமும் வேரூன்றியிருக்கிறது. வங்கிக் கடன் இன்னும் முடியாத காரை, "மீதித் தவணையை நீ கட்டிக்கொள்" என்று கைமாற்றிவிடுவது. முன்பணமாகச் சில ஆயிரம் வெள்ளி கைக்கு வரும், மாதா மாதம் கட்டும் சுமையும் குறையும். கேட்பதற்கு இருவருக்கும் லாபம்போலத் தோன்றும்.

உண்மை நிலை வேறு. வாடகைக் கொள்முதல் முறையில் வாங்கிய கார், கடைசித் தவணை கட்டும் வரையில் வாங்கியவருடைய முழுச் சொத்தாக ஆவதில்லை. அந்தக் காரின் மீது வங்கிக்கு உரிமைக் கோரிக்கை இருக்கிறது. ஜே.பி.ஜே. பதிவேட்டிலும் அது பதிவாகியிருக்கும். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, வங்கியின் சம்மதம் இல்லாமல் அத்தகைய காரை மோசடியாக விற்பதோ கைமாற்றுவதோ குற்றமாகும்.

இதில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. காரை எடுத்துச் சென்றவர் இரண்டு மாதம் கட்டிவிட்டு நிறுத்தினால், கடன் பாக்கி முழுவதும் பழையவர் பெயரில்தான் ஏறும். நாளை அவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தால், கெட்டுப்போன கடன் வரலாறு குறுக்கே நிற்கும். ஒழுங்காகக் கட்டுபவருக்கும் நிம்மதியில்லை. அவர் மூன்று ஆண்டுகள் கட்டி முடித்தாலும் கார் அவர் பெயருக்குத் தானாக வராது. பழைய உரிமையாளர் மனம் மாறினாலோ காலமாகிவிட்டாலோ, கட்டிய பணத்திற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதுதான்.

கடன் உள்ள காரை முறையாக விற்க வழியில்லையா? இருக்கிறது. கடனை முழுமையாக அடைக்க எவ்வளவு தேவை என்று வங்கியிடம் எழுத்துமூலம் கேட்டு வாங்கலாம். வாங்குபவர் அந்தத் தொகையை விற்பவரின் கையில் கொடுக்காமல் நேரடியாக அந்தக் கடன் கணக்கிலேயே செலுத்தலாம். வங்கி தன்னுடைய உரிமைக் கோரிக்கையை நீக்கிய பிறகு, மீதி விலையைக் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். சில நாள்கள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெயர் மாற்றம் படிப்படியாக

பலர் நினைப்பதுபோல் இது மலையைப் புரட்டும் வேலை அல்ல. வரிசையாகச் செய்தால் எளிதாக முடிந்துவிடும்.

முதலில் பழைய பாக்கிகளைப் பார்க்க வேண்டும். போலீஸ் சம்மன்களை மைபாயார் பி.டி.ஆர்.எம். தளத்திலும், இலாகாவின் சம்மன்களை மைஜேபிஜே செயலியிலும் பார்த்துக்கொள்ளலாம். கட்டாத சம்மனால் கறுப்புப் பட்டியலில் இருக்கும் வாகனத்திற்கோ உரிமையாளருக்கோ பெயர் மாற்றம் நடக்காது. முகப்பிடம் வரை சென்று வெறுங்கையோடு திரும்புவதைக் காட்டிலும் வீட்டிலேயே சரிபார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது வாகனப் பரிசோதனை. 1994 முதல் இந்த வேலையைப் புஸ்பாகோம் நிறுவனம் மட்டுமே செய்துவந்தது. அந்தத் தனியுரிமை 2024 ஆகஸ்டு 31ஆம் தேதியோடு முடிவுக்கு வந்து, பிற நிறுவனங்களுக்கும் வழி திறக்கப்பட்டது. பெயர் மாற்றத்திற்கான சோதனைக்கு 'பி5' என்று பெயர். வாங்குபவர் வங்கிக் கடன் எடுக்கிறார் என்றால் 'பி7' சோதனையும் தேவைப்படும். முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கே பார்ப்பார்கள். திருட்டுக் காருக்கு வேறொரு காரின் எண்ணைப் பொருத்தி விற்பதும், விபத்தில் நொறுங்கிய இரண்டு கார்களை வெட்டி ஒன்றாக ஒட்டி விற்பதும் நடக்கின்றன. அதனால் இந்தச் சோதனையை வெறும் சடங்காக நினைக்கக் கூடாது. வாங்குபவருக்கு இது ஒரு பாதுகாப்பு. கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. முன் கண்ணாடியில் 70 விழுக்காடும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி.

மூன்றாவதாக, வாங்குபவர் தம் பெயரில் காப்புறுதி எடுக்க வேண்டும். விற்றவரின் காப்புறுதி காரோடு சேர்ந்து போகாது. அது அவர் பெயரில் எடுக்கப்பட்ட ஒப்பந்தம். "இன்னும் ஐந்து மாசம் இன்சூரன்ஸ் இருக்கு, அப்படியே ஓட்டு தம்பி" என்று சொல்லி அனுப்புவது அன்பாகத் தெரியலாம். விபத்து நடந்தால் இழப்பீடு கிடைக்காமல் போய், அந்த அன்பே வினையாகிவிடும்.

நான்காவதாக, ஜே.பி.ஜே. அலுவலகம். ஷா ஆலம் பாடாங் ஜாவா, கோலாலம்பூர் வங்சா மாஜு போன்ற அலுவலகங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குப் பழக்கமானவை. அடையாள அட்டை, வாகனப் பதிவுச் சான்றிதழ், பெயர் மாற்றத்திற்கான கே3ஏ பாரம் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். பரிசோதனையும் காப்புறுதியும் முன்பே முடிந்திருக்க வேண்டும். தனியார் காருக்கான பெயர் மாற்றக் கட்டணம் 100 வெள்ளி. விற்பவரும் வாங்குபவரும் மைகாட் அட்டையைக் கொடுத்துப் பெருவிரல் ரேகையைப் பதிக்க வேண்டும். கையெழுத்தைப் போலியாகப் போடலாம், ரேகையைப் போட முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. கட்டணமும் நடைமுறையும் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால், புறப்படும் முன் இலாகாவின் அகப்பக்கத்தை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. இருவரும் ஒரே நாளில் சேர்ந்து போவது அதைவிட நல்லது.

பணம் எப்போது? சாவி எப்போது?

தகராறு பிறக்கும் இடம் இதுதான். பணம் வராமல் ரேகை வைக்க விற்பவருக்குப் பயம். பெயர் மாறாமல் பணம் கொடுக்க வாங்குபவருக்குப் பயம். இரண்டு பயமும் நியாயமானவை.

இதற்கு எளிய வழி உண்டு. விலை முடிவானதும் சிறிய முன்பணம் மட்டும் கொடுத்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். காரின் எண், விலை, முன்பணம், பெயர் மாற்றத்திற்குச் செல்லும் தேதி, சோதனையில் தேறாவிட்டால் செலவு யாருடையது என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். மீதிப் பணத்தை இலாகாவுக்குச் செல்லும் நாளில், முகப்பிடத்திற்குப் போகும் முன் வங்கிக் கணக்கு வழியாக மாற்றலாம். பணம் வந்து சேர்ந்ததைப் பார்த்துக்கொண்டே ரேகை வைக்கலாம். ரொக்கமாகக் கொடுப்பதைவிட இதற்குச் சாட்சி வலுவானது. சாவி கடைசியாகத்தான் கை மாற வேண்டும். கொடுக்கும்போது தேதியையும் நேரத்தையும் குறித்து இருவரும் கையெழுத்திட வேண்டும். அன்று காலை பத்து மணிக்கு நடந்த குற்றம் யாருடையது என்ற கேள்வி வந்தால் அந்த ஒரு வரி போதும்.

விற்றவர் வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன. ஒன்று, காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லிப் பழைய காப்புறுதியை ரத்து செய்வது. இழப்பீடு கோராதவர்களுக்குக் கிடைக்கும் என்.சி.டி. கழிவு, முதல் ஆண்டில் 25 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் 55 விழுக்காடு வரை உயரும். இந்தக் கழிவு காருக்கு உரியதல்ல, ஓட்டியவரின் கவனத்திற்குக் கிடைத்த பரிசு. அடுத்து வாங்கும் காருக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இன்னொன்று, டோல் கட்டணத்திற்காக ஒட்டிய ஆர்.எஃப்.ஐ.டி. வில்லை. அதைக் கணக்கிலிருந்து நீக்காவிட்டால், புதியவர் ஒவ்வொரு டோலைக் கடக்கும்போதும் பழையவரின் கணக்கில் பணம் குறைந்துகொண்டே வரும்.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

கிராண்டில் உள்ள பெயரும் எதிரே நிற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்பதே முதல் கேள்வி. "மச்சான் கார், அவர் ஜோகூரில் இருக்கிறார்" என்றால், அந்த மச்சான் வரும் வரையில் பணத்தை எடுக்கக் கூடாது. இரண்டாவது, காரின் மீது வங்கிக் கோரிக்கை ஏதும் இருக்கிறதா என்பது. மூன்றாவது, சாலை வரி. 2023 பிப்ரவரி முதல் தனியார் வாகனங்களில் சாலை வரி வில்லையை ஒட்ட வேண்டிய கட்டாயம் மலேசியர்களுக்கு இல்லை. ஆகவே கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. உரிமையாளரின் மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தரகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "எல்லாம் நான் முடிச்சுத் தரேன், ஐ.சி. நகல் மட்டும் கொடுங்க" என்பவரிடம் வெற்றுப் பாரத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பது, வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம். நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை அதன் மேலேயே எழுதித் தேதியிட்டுக் கொடுக்க வேண்டும்.

குடும்பத்திற்குள் என்றால்?

கணவன் மனைவிக்கு, பெற்றோர் பிள்ளைகளுக்கு என்று பெயர் மாற்றும்போது பரிசோதனையில் விலக்கு உண்டு. திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் போன்ற ஆதாரங்களைக் காட்ட வேண்டும். வீட்டுக்குள்தானே என்று விட்டுவிடாமல், பெற்றோர் நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

காரணம் இருக்கிறது. உரிமையாளர் காலமாகிவிட்டால், அந்தக் கார் அவருடைய சொத்தில் ஒரு பகுதியாகிவிடும். ரேகை வைக்க அவர் இல்லை. உயர்நீதிமன்றத்தின் சொத்து நிர்வாகக் கடிதமோ, அமானா ராயா நிறுவனத்தின் வழியாகப் பெறும் உத்தரவோ இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. அப்பா விட்டுச் சென்ற காரை அவர் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள், விபத்து ஒன்று நடக்கும்போதுதான் காப்புறுதியைப் பற்றி யோசிக்கின்றன.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள்

பெயர் மாற்றாமல் காரைக் கொடுத்துவிட்டு, இதைப் படிக்கும்போது வயிற்றில் புளி கரைகிறதா? தாமதமானாலும் வழி இருக்கிறது. வாங்கியவர் தொடர்பில் இருந்தால் இன்றே பேசி நாள் குறிக்கலாம். சண்டை போடத் தேவையில்லை. "விபத்து நடந்தால் காப்புறுதி இல்லாமல் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்" என்று எடுத்துச் சொன்னாலே பலர் வந்துவிடுவார்கள். ஆள் எங்கே என்று தெரியாவிட்டால், விற்ற தேதியையும் தெரிந்த விவரங்களையும் கொடுத்துப் போலீஸ் புகார் செய்ய வேண்டும். பணம் பெற்றதற்கான ஆதாரத்தையும் புகாரின் நகலையும் இணைத்து, ஜே.பி.ஜே.வுக்கு எழுத்துமூலம் தெரிவித்து அவர்களின் ஆலோசனையைக் கேட்க வேண்டும். இது பழைய சம்மன்களை அழித்துவிடாது. ஆனால் நாளை பெரிய சிக்கல் வரும்போது, விற்றவர் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

நம் சமூகத்தில் வாய்வார்த்தைக்கு மதிப்பு உண்டு. அது நல்ல குணம்தான். ஆனால் தெரிந்தவரிடம் பத்திரம் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகாது. நாளை இருவருக்கும் இடையே மனக்கசப்பு வரக் கூடாது என்ற அக்கறையே அது. உறவு கெட்டுவிடும் என்று கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டவர்கள், பிறகு சம்மன் கடிதத்தோடு அதே உறவின் வாசலில் நின்று சத்தம் போட நேர்கிறது.

அடுத்த முறை யாராவது "கிராண்டை அடுத்த வாரம் மாத்திக்கலாம் அண்ணே" என்றால், புன்னகையோடு ஒரு பதில் சொன்னால் போதும்: "அப்போ சாவியையும் அடுத்த வாரமே வாங்கிக்கங்க, தம்பி."